பெற்றோல், பொலிஸ், கம்பனி: நாற்பது வருடப் பழைய ‘எதிர்காலம்’ ஏன் இன்னும் பார்க்கப்படுகிறது?

அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் 2025 டிசெம்பரில் ஒரு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. பதினொரு அடி உயரம். சிலையில் நிற்பவர் அந்த நகரத்தில் பிறந்தவருமல்லர், வாழ்ந்தவருமல்லர். 1987இல் வெளிவந்த ‘ரொபோகொப்’ என்ற ஹொலிவூட் படத்தின் கதாநாயகன் அவர்: பாதி மனிதன், பாதி இயந்திரம், ஒரு தனியார் கம்பனிக்குச் சொந்தமான பொலிஸ்காரன்.

சிலையின் கதை 2011இல் தொடங்குகிறது. டெட்ரோயிட்டுக்கு ரொபோகொப் சிலை ஒன்று வைத்தால் என்ன என்று ருவிற்றரில் ஒருவர் நகர மேயரிடம் விளையாட்டாகக் கேட்டார். அப்படியொரு திட்டம் இல்லை என்று மேயர் பதில் சொன்னார். அந்தப் பதிலே போதுமாக இருந்தது. இணையம் வழியாக 67,000 டொலருக்கும் மேல் சேர்ந்துவிட்டது. சிலை வார்க்கப்பட்டது, ஆனால் அதை வைப்பதற்கு இடம் கிடைக்கவில்லை. கேட்ட கேள்விக்கும் நின்ற சிலைக்கும் இடையில் பதினான்கு வருடங்கள் கடந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ரொபோகொப்’ டெட்ரோயிட்டைப் புகழ்ந்த படமல்ல. அந்த நகரத்தைக் கொள்ளையர்களும் கம்பனிக்காரர்களும் பங்குபோட்டுக்கொண்ட குப்பைமேடாகத்தான் காட்டியது. படப்பிடிப்பும் பெரும்பாலும் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலேயே நடந்தது. அப்படிப்பட்ட ஒரு படத்தின் நாயகனுக்கு, அந்த நகரத்திலேயே, கிட்டத்தட்ட நாற்பது வருடங்களின் பின்னர் ஏன் சிலை?

எதிர்காலம் கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொண்டு சொல்லப்படும் கதைகளை ‘டிஸ்டோபியா’ கதைகள் என்பார்கள். 1970களின் கடைசியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இந்த வகையில் ஒரு தொகை அதிரடிப் படங்கள் எடுக்கப்பட்டன. ‘மேட் மெக்ஸ்’, ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயோர்க்’, ‘பிளேட் ரன்னர்’, ‘த டெர்மினேட்டர்’, ‘ரொபோகொப்’, ‘தே லிவ்’ என்று பட்டியல் நீளும். பல குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை. சில, வந்த வேகத்தில் திரையரங்கை விட்டுப் போனவை. ஆனால் அதே காலத்தில் விருதுகளை அள்ளிய பல படங்களின் பெயர்கள் மறந்துபோன பிறகும் இவை பார்க்கப்படுகின்றன.

காரணம் என்ன?

சொன்னது நடந்ததா?

எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தார்கள், அதனால்தான் நிலைத்தார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். அது சரியல்ல. ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயோர்க்’ கதை 1997இல் நடக்கிறது. அதில் மன்ஹட்டன் தீவு முழுவதும் மதில் சூழ்ந்த சிறைச்சாலை. இன்று அங்கே ஓர் அறைக்கு வாடகை கொடுக்க முடியாமல் மக்கள் வெளியேறுகிறார்கள். ‘டெர்மினேட்டர் 2’ சொன்ன அணுவாயுதப் பேரழிவின் திகதி 1997 ஓகஸ்ட் 29. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ‘பிளேட் ரன்னர்’ காட்டிய பறக்கும் வாகனங்களின் லொஸ் ஏஞ்சல்ஸ் 2019 நவம்பருக்குரியது. அந்த மாதமும் வந்து போய்விட்டது.

பழைய நினைவின் ஏக்கம் என்பது இரண்டாவது விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வீடியோ கசெட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படங்கள் இளமையின் ஒரு பகுதி. ஆனால் இவை வெளியானபோது பிறந்திராதவர்களும் இன்று தேடிப் பார்க்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஏக்கம் இருக்க முடியும்?

உண்மையில் இந்தப் படங்கள் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டதைவிடத் தங்கள் நிகழ்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டதே அதிகம். கண்முன்னே நடந்துகொண்டிருந்த ஒன்றை எடுத்து, அது இன்னும் கொஞ்சத் தூரம் போனால் என்னவாகும் என்று கேட்டார்கள். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள்: இந்த நிலைமைக்கு யார் பொறுப்பு, இதற்கான கட்டளை யாருடையது? திகதிகள் பொய்த்தன. அந்தக் கேள்வி பழசாகவில்லை.

வரிசையில் பிறந்த கதை

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் யுத்தம் மூண்டபோது, அரபு எண்ணெய் உற்பத்தி நாடுகள் அமெரிக்காவுக்கும் அதன் சில நட்பு நாடுகளுக்கும் எண்ணெய் விற்பதை நிறுத்தின. ஒரு பீப்பாய் மூன்று டொலர் அளவில் இருந்த விலை, சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. செல்வந்த நாடுகளின் மக்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றார்கள்.

‘மேட் மெக்ஸ்’ படத்தின் கதையை எழுதியவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மெக்கோஸ்லண்ட் ஒரு பத்திரிகையாளர். அவுஸ்திரேலியாவில் எரிபொருள் தட்டுப்பட்ட நாட்களில், தாங்கியை நிரப்புவதற்காகச் சாதாரண மனிதர்கள் எந்தளவுக்கு மூர்க்கமாக மாறினார்கள் என்பதைப் பார்த்ததுதான் கதைக்கு அடிப்படை என்று பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். வரிசையில் இடையில் புக முயன்றவர்கள் அடிவாங்கியதை அவர் நினைவுகூர்ந்தார். படத்தின் இயக்குநர் ஜோர்ஜ் மில்லர் ஒரு வைத்தியர். சிட்னியில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர். வீதி விபத்தில் சிதைந்து வரும் உடல்களைக் கையால் தொட்டுத் தைத்தவர். அவர் வளர்ந்த குயின்ஸ்லாந்துக் கிராமப்புறத்தில், பதின்ம வயது நண்பர்களைக் கார் விபத்துகளில் இழந்தவர். அந்தப் படத்தில் வேகம் ஏன் இவ்வளவு அழகாகவும் இவ்வளவு பயங்கரமாகவும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

1979இல் வந்த முதற்படத்தை இன்று பார்ப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பாலைவனமோ முட்கிரீடம் அணிந்த கொள்ளையர்களோ அதில் இல்லை. உலகம் இன்னும் முழுதாக இடிந்துவிடவில்லை. கடைகள் திறந்திருக்கின்றன, பொலிஸ் இருக்கிறது, நீதிமன்றம் கூட இருக்கிறது. ஆனால் ஒரு கொடுங்குற்றத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவன் விடுதலையாகிறான். காரணம், சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. ஊர் பயந்துவிட்டது. கதாநாயகன் சட்டத்தின் மேல் நம்பிக்கை இழப்பது இதற்குப் பிறகுதான். ஒரு சமூகம் உடைவது குண்டு விழும் நாளில் மட்டுமல்ல, சாட்சிகள் வீட்டுக்குள் இருந்துவிடும் நாளிலும்தான் என்று படம் சொல்கிறது. சாட்சிகள் பயந்து ஒதுங்கிய வழக்குகளை நிறையக் கண்ட நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1981இல் வந்த இரண்டாம் பாகம்தான் பாலைவனத்துக்குப் போகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் புரோக்கன் ஹில் சுரங்க நகரைச் சுற்றியுள்ள வெட்டவெளியில் அது படமாக்கப்பட்டது. எண்ணெய் எடுக்கும் ஒரு சிறு முகாம். அதை முற்றுகையிட்டிருக்கும் கொள்ளைக் கூட்டம். நடுவில் தன் காருக்குப் பெற்றோல் கிடைத்தால் போதும் என்றிருக்கும் ஒரு தனிமனிதன். கடைசிக் காட்சியில் அவன் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய பவுசர் கவிழ்கிறது. உள்ளே இருந்தது மணல். உண்மையான எரிபொருளை முகாம் மக்கள் வேறு வாகனங்களில் மறைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். நாயகனே ஏமாற்றப்பட்ட இரை. அதிரடிப் படம் ஒன்றுக்கு இது துணிச்சலான முடிவு.

நகரத்தைக் கைவிட்டவர்கள்

எழுபதுகளின் நியூயோர்க் இன்றைய சுற்றுலா நகரமல்ல. 1975இல் அது வங்குரோத்தின் விளிம்புவரை போனது. 1977 ஜூலையில் ஓர் இரவு ஏறத்தாழ முழு நகரமும் இருளில் மூழ்கியபோது, கடைகள் சூறையாடப்பட்டன. தென் புரொங்ஸ் பகுதியில் கட்டடங்கள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அதே தசாப்தத்தில் வோட்டர்கேட் ஊழல் ஒரு ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தது.

இயக்குநர் ஜோன் கார்ப்பென்டர் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயோர்க்’ கதையை அந்தச் சூழலில்தான் முதலில் எழுதினார். நகரத்தைத் திருத்த முடியாது என்று அரசாங்கம் முடிவெடுத்து, மன்ஹட்டனைச் சுற்றி மதில் எழுப்பி, குற்றவாளிகளை உள்ளே தள்ளிவிடுகிறது. ஜனாதிபதியின் விமானம் அந்தத் தீவுக்குள் விழுந்துவிட, அவரை மீட்க ஒரு கைதி அனுப்பப்படுகிறான். அவன் கழுத்துக்குள் வெடிபொருள். இருபத்திரண்டு மணித்தியாலம் தவணை.

மீட்கப்பட்ட ஜனாதிபதி, தொலைக்காட்சியில் தோன்றுவதற்காக முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். தன்னை மீட்க உயிர்விட்டவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அந்தக் கைதி கேட்கிறான். ஜனாதிபதி மனமில்லாமல் இரண்டு வசனம் அனுதாபம் சொல்லிவிட்டு நேரத்தைப் பார்க்கிறார். படத்தின் உச்சக்காட்சி துப்பாக்கிச் சண்டையல்ல, இதுதான். நகரத்தைப் பாழாக்கியவர்கள் மதிலுக்குள் இருப்பவர்களா, வெளியே இருப்பவர்களா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிடுகிறது.

நான்காவது கட்டளை

மீண்டும் டெட்ரோயிட்டுக்கு வருவோம். ‘ரொபோகொப்’ படத்தை இயக்கிய போல் வெர்ஹோவன் நெதர்லாந்துக்காரர். 1938இல் பிறந்து, ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் ஹேக் நகரில் குண்டுவீச்சுக்கு நடுவே சிறுவயதைக் கழித்தவர். இந்தப் படத்தின் பிரதியை முதலில் அவர் குப்பை என்று தூக்கி எறிந்தார். அதை எடுத்து வாசித்து, இதற்குள் வேறொன்று இருக்கிறது என்று அவருக்குப் புரியவைத்தவர் அவருடைய மனைவி.

அந்த ‘வேறொன்று’ என்ன? ஒரு பெரிய கம்பனி நகரத்தின் பொலிஸ் சேவையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. செலவைக் குறைக்க இயந்திரக் காவலர்களைச் செய்ய விரும்புகிறது. பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் முதல் இயந்திரத்தைக் காட்சிப்படுத்தும்போது, அது அங்கிருந்த ஒரு இளம் ஊழியரைச் சுட்டுத் தள்ளுகிறது. அது ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு என்கிறார் அதற்குப் பொறுப்பான அதிகாரி. தலைவரின் கவலை, இனிக் கட்டவேண்டிய வட்டிப் பணத்தைப் பற்றியது. இறந்தவரைப் பற்றி அவர் பேசுவதில்லை. அந்த வன்முறை பார்ப்பவர்களைக் குமட்டச்செய்யும் அளவுக்கு மிகையானது. அதே காட்சியில் சிரிப்பும் வருகிறது. ஏன் சிரித்தோம் என்று பிறகு யோசிக்க வைப்பதுதான் வெர்ஹோவனின் நோக்கம்.

பின்னர் கொல்லப்பட்ட ஒரு பொலிஸ்காரனின் உடலை எடுத்து ரொபோகொப்பைச் செய்கிறார்கள். அவனுக்கு மூன்று கட்டளைகள்: பொதுமக்களின் நம்பிக்கைக்குப் பணிசெய், அப்பாவிகளைக் காப்பாற்று, சட்டத்தை நிலைநாட்டு. நான்காவதாக ஓர் இரகசியக் கட்டளையும் உள்ளே பதிக்கப்பட்டிருக்கிறது. கம்பனியின் உயரதிகாரிகளைக் கைதுசெய்ய முடியாது என்பதே அது. குற்றவாளி யாரென்று தெரிந்தும், சாட்சியம் கையில் இருந்தும், அவனுடைய கை எழாது. இறுதியில் அந்த அதிகாரியைத் தலைவர் வேலையிலிருந்து நீக்கிய பிறகுதான் கட்டளை செயலிழக்கிறது, துப்பாக்கி வேலை செய்கிறது. நீதி வென்றுவிட்டதாகத் திரையரங்கு கைதட்டுகிறது. ஆனால் நன்றாகக் கவனித்தால், நீதி வெல்வதற்கே கம்பனியின் அனுமதி தேவைப்பட்டிருக்கிறது.

2013 ஜூலை 18ஆம் திகதி, நிஜ டெட்ரோயிட் நகரம் வங்குரோத்தடைந்ததாக நீதிமன்றத்தில் மனுச் செய்தது. கடன் ஏறத்தாழ 18 பில்லியன் டொலர். அமெரிக்க நகரமொன்றின் வங்குரோத்துகளில் அதுவே மிகப் பெரியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, மக்கள் தெரிவுசெய்த நகர நிர்வாகத்துக்கு மேலே, அவசரகால முகாமையாளர் ஒருவரை மாநில அரசு நியமித்திருந்தது. படம் இதை முன்கூட்டிச் சொன்னது என்று சொல்லமுடியாது. எண்பதுகளிலேயே தொழிற்சாலைகள் மூடப்பட்டு, மக்கள் வெளியேறி, பொதுச்சேவைகள் ஒவ்வொன்றாகச் செலவுக் கணக்கில் வெட்டப்பட்டு வந்ததைப் படம் பார்த்திருந்தது, அவ்வளவுதான். சிலைக்குக் காசு போட்டவர்களில் பலர் வேடிக்கைக்காகவே போட்டிருப்பார்கள். ஆனால் வேலைக்காகக் கொல்லப்பட்டு, உடல் பறிக்கப்பட்டு, பெயர் மறக்கடிக்கப்பட்டு, கடைசியில் தன் பெயரைத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் ஒருவனை அந்த நகரம் தன்னவன் என்று எண்ணுவதில் ஆச்சரியம் இல்லை.

நல்ல மனிதர் செய்த இயந்திரம்

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று எந்த விவாதம் நடந்தாலும், யாராவது ஒருவர் ‘டெர்மினேட்டர்’ என்ற பெயரைச் சொல்லாமல் விடமாட்டார். ஜேம்ஸ் கமரூன் 1984இல் ஏறத்தாழ 64 இலட்சம் டொலர் செலவில் எடுத்த படம் அது. தானே இயக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு, பிரதியின் உரிமையைத் தயாரிப்பாளருக்கு ஒரு டொலருக்கு விற்றார்.

படத்தின் பெயர் சொல்பவர்கள் பெரும்பாலும் நினைப்பது சிவந்த கண்ணுடன் வரும் எலும்புக்கூட்டை. ஆனால் 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் உறுத்துவது வேறு இரண்டு உருவங்கள். முதலாவது, பேரழிவுக்குக் காரணமாகப்போகும் கணினிச் சில்லை உருவாக்கும் பொறியியலாளர். அவர் கொடியவரல்ல. மனைவி பிள்ளைகளோடு வாழும், வேலையை நேசிக்கும், மென்மையான மனிதர். தன் கண்டுபிடிப்பு எதற்குப் பயன்படும் என்று அவர் கேட்டதில்லை. இரண்டாவது, கொல்ல வரும் புதிய இயந்திரம். அது படம் முழுவதும் அணிந்திருப்பது லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் சீருடை. எந்தக் கதவும் அதற்குத் திறக்கிறது, எல்லோரும் கேட்டதற்குப் பதில் சொல்கிறார்கள். அதே ஆண்டு மார்ச்சில், அதே நகரத்தில், ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் பொலிஸார் அடித்து நொறுக்கும் வீடியோ உலகம் முழுவதும் ஒளிபரப்பாகியது.

மனிதத் தீர்மானமின்றி இலக்கைத் தெரிவுசெய்து கொல்லும் ஆயுதங்களுக்கு எதிராக 2013இல் ஒரு சர்வதேசப் பிரசாரம் தொடங்கப்பட்டது. 2026இற்குள் அவற்றைத் தடைசெய்யும் உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அன்ரோனியோ குட்டெரெஸ் கேட்டிருந்தார். அந்த விவாதத்தின் மையத்தில் இருப்பது, இயந்திரம் தவறாகக் கொன்றால் கூண்டில் ஏறப்போவது யார் என்பதுதான்: சுடவிட்ட தளபதியா, வாங்கிய அரசா, செய்த கம்பனியா?

காசில்லாததால் வந்த கனதி

உள்ளடக்கம் மட்டும் ஒரு படத்தை நாற்பது வருடம் தாங்காது. இவை கண்ணுக்கும் இன்னும் பழசாகாமல் இருப்பதற்கு, விசித்திரமாக, வறுமை ஒரு காரணம்.

‘மேட் மெக்ஸ்’ முதற்பாகம் நான்கு இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கும் குறைவாகவே செலவாகி, உலகெங்கும் பத்துக் கோடி அமெரிக்க டொலர் அளவில் உழைத்தது. செலவுக்கும் வருமானத்துக்கும் இடையிலான விகிதத்தில், நீண்ட காலம் கின்னஸ் சாதனையாக இருந்தது. காசு தட்டுப்பட்டபோது, துரத்தல் காட்சியில் மோதவிடப்பட்டது இயக்குநரின் சொந்த வான். ஆளில்லாத வீதிகளும் பாழடைந்த கட்டடங்களும் கதைக்குப் பொருந்தின. துணை நடிகர்களுக்குச் சம்பளமும் மிச்சமாகியது.

கார்ப்பென்டருக்கு நியூயோர்க்கில் படமெடுக்கக் கட்டுப்படியாகவில்லை. சென் லூயிஸ் நகருக்குப் போனார். அதன் அயலில் 1976இல் எரிந்த கட்டடத் தொகுதிகள் அப்படியே கிடந்தன. இரவில் சில வீதிகளின் மின்சாரத்தை நிறுத்தித்தர நகர நிர்வாகமும் சம்மதித்தது. படத்தில் மன்ஹட்டன் கட்டடங்கள் பச்சைக் கோடுகளாகக் கணினித் திரையில் தெரியும் காட்சி ஒன்று உண்டு. அது கணினியில் செய்யப்பட்டதல்ல. அன்றைக்கு அது கட்டுப்படியாகாத விலை. கறுப்பு மாதிரிக் கட்டடங்களின் விளிம்புகளில் ஒளிரும் நாடாவை ஒட்டிப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளில் வேலை செய்த இளைஞர்களுள் ஒருவர் ஜேம்ஸ் கமரூன்.

இன்னொன்று, உடல். ‘மேட் மெக்ஸ் 2’இல் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒருவர் தூக்கி எறியப்பட்டு அந்தரத்தில் சுழலும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அது திட்டமிட்டபடி நடந்ததல்ல. சாகசக் கலைஞர் கை நொரிஸின் கால் உண்மையாகவே முறிந்தது. இது பெருமைக்குரிய விடயமல்ல. பாதுகாப்புக் குறைந்த ஒரு காலத்தின் சாட்சி. ஆனால் இரும்பு இரும்பில் மோதும் கனதியைக் கண் அடையாளம் கண்டுகொள்கிறது. கணினி உருவாக்கும் நூறு கார்கள் வெடிக்கும்போது வராத பயம், அங்கே ஒரு கார் புரளும்போது வருகிறது.

இவற்றின் மறுஆக்கங்களை நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். ‘டோட்டல் ரீகோல்’ 2012இலும், ‘ரொபோகொப்’ 2014இலும் மூலத்தைவிடக் கூடிய செலவில் திரும்ப எடுக்கப்பட்டன. இரண்டும் பளபளப்பானவை. இரண்டையும் இன்று பேசுவோர் குறைவு. சிறுவர்களும் பார்க்கத்தக்க தணிக்கைத் தரத்துக்காக இரத்தம் குறைக்கப்பட்டது. கூடவே நையாண்டியின் பல்லும் மழுங்கிப்போனது. விதிவிலக்கு, மில்லர் தன் எழுபதாவது வயதில் வெளியிட்ட ‘மேட் மெக்ஸ்: ஃபியூரி ரோட்’ (2015). ஆறு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற அந்தப் படத்தின் சாகசக் காட்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர், முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன் கால் முறிந்த அதே கை நொரிஸ். மில்லர் தன் பழைய படத்தைக் கொப்பியடிக்கவில்லை. பழைய கேள்வியைப் புதிய காலத்திடம் கேட்டார். பெற்றோலோடு இப்போது தண்ணீரும் சேர்ந்துவிட்டது. மலையுச்சியில் தண்ணீர்க் குழாயின் சாவியை வைத்திருக்கும் ஒருவன் கீழே நிற்கும் மக்களை ஆள்கிறான்.

அவர்கள் காணாத வரிசை

இந்தப் படங்களுக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவற்றில் ஒரு துப்பாக்கியும் ஒரு தனிமனிதனும்தான் தீர்வு. பெண் கொல்லப்படுவது நாயகனுக்குக் கோபம் வருவதற்காக. சாதாரண சனங்கள் ஓடுவதற்கும் சாவதற்கும் மட்டுமே திரையில் வருகிறார்கள். எதையும் எவரும் தமக்கேற்றபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆபத்தும் உண்டு. கார்ப்பென்டரின் ‘தே லிவ்’ (1988) ரீகன் காலப் பணவெறியைக் கேலி செய்த படம். யூத வெறுப்பாளர்கள் சிலர் அதைத் தங்கள் சதிக்கதைக்குச் சான்றாகப் பரப்பியபோது, படம் கட்டுப்பாடற்ற முதலாளித்துவத்தைப் பற்றியது என்று 2017இல் அவரே பகிரங்கமாக மறுக்க வேண்டியிருந்தது.

ஆனால் பெரிய குறை வேறொன்று. பெற்றோல் தீர்ந்தால் மனிதர் ஒருவரையொருவர் தின்றுவிடுவார்கள் என்று ‘மேட் மெக்ஸ்’ நம்பியது. பெற்றோல் தீர்ந்த நாட்களை நாம் இரண்டு தடவை கண்டிருக்கிறோம்.

1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் செய்ய மட்டும் சில துளி பெற்றோல். அதை ஒரு சிறு போத்தலில் பொன்போல வைத்திருந்தார்கள். கழற்றிப் பூட்டிய இயந்திரங்கள், ஒட்டுப்போட்ட ரயர்கள் என்று மில்லரின் கலை இயக்குநர்கள் பார்த்திருந்தால் குறிப்பெடுத்திருப்பார்கள். ஆனால் அந்த வாகனங்களை ஓட்டியவர்கள் கொள்ளையர்களல்லர். வேலைக்கும் வைத்தியசாலைக்கும் போன சனங்கள்.

2022இல் முழு நாடும் வரிசையில் நின்றது. நாட்கணக்கில் நின்றது. வரிசையிலேயே மயங்கி விழுந்து இறந்தவர்களும் உண்டு. சண்டைகள் நடக்காமல் இல்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் இடம் பிடித்து வைத்ததும், தேநீர் பகிர்ந்ததும், பழுதான வாகனத்தை ஒன்றுகூடித் தள்ளியதும் அதே வரிசையில்தான். எரிபொருள் நெருக்கடியின்போது துப்பாக்கி வெடித்த இடங்களை எண்ணிப் பாருங்கள். ஏப்ரலில் ரம்புக்கனையில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது சுட்டது பொலிஸ், ஒருவர் கொல்லப்பட்டார். ஜூனில் விசுவமடு எரிபொருள் நிலையத்தில் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது இராணுவம். தோல் உடை அணிந்த மோட்டார் சைக்கிள் கும்பல் எங்கும் வரவில்லை. வந்தவை சீருடைகள்.

அந்த அளவில் ‘மேட் மெக்ஸ்’ நம் அனுபவத்தைத் தவறாகக் கணித்துவிட்டது. ‘ரொபோகொப்’பின் நான்காவது கட்டளையோ நமக்குப் புதிதல்ல. யாரைக் கைதுசெய்யலாம், யாரைத் தொடவே முடியாது என்பது இங்கே எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் படங்களை இதுவரை பார்க்காதவர்கள் ‘ரொபோகொப்’பில் தொடங்கலாம், 2014இல் வந்ததை அல்ல, 1987இல் வந்ததை. வன்முறை கடுமையானது, பிள்ளைகளோடு பார்க்கும் படமல்ல. முன்பே பார்த்தவர்கள் இன்னொரு தடவை பார்க்கலாம். இந்தமுறை சுடுபவனை விட்டுவிட்டு, பணிப்பாளர் சபை மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களின் முகங்களைக் கவனியுங்கள். ஓர் ஊழியர் செத்துக் கிடக்கிறார். அவர்கள் அடுத்த விடயத்துக்குப் போகிறார்கள்.